கேபின் வீட்டின் அடித்தளத்தில் ஈரம்: மழையே இல்லாத ஆனி மாதத்தில் எப்படி?

வாழைத்தோட்டம் (சேரன்மகாதேவி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்கு அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. பாகம் பிரியாத நிலம் என்பதால் அதில் நிலையான கட்டடம் எழுப்புவதற்குச் சித்தப்பாமார் இசையவில்லை. அம்மாவுக்கோ அங்கேதான் இருக்க வேண்டும். நாளைக்குப் பாகம் பிரிந்தாலும் கிரேன் வைத்துத் தூக்கிச் சென்றுவிடலாம் என்ற எண்ணத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் 24 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட இரும்புக் கேபின் வீடு ஒன்றைச் செய்யச் சொல்லி, டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினோம். அடிச்சட்டம் இரும்புச் சேனல், அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட், அதற்கும் மேல் அறை முழுவதும் ஒட்டிய வினைல் விரிப்பு. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் வீட்டை உட்கார வைத்திருக்கிறோம். பாம்புக்குப் பயந்து சுற்றிலும் உள்ள அந்த இடைவெளியைத் தகரத்தால் அடைத்துவிட்டோம்.

முதல் ஆண்டு ஒன்றும் தெரியவில்லை. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அம்மா தரையில் விரித்திருந்த பத்தமடைப் பாயை ஒரு வாரம் கழித்து எடுத்தபோது அதன் அடிப்பக்கம் முழுவதும் வெண்பூசணம் பூத்திருந்தது. இந்த ஆண்டு வினைல் ஆங்காங்கே உப்பிவிட்டது. கட்டிலுக்குக் கீழே கால் வைத்தால் பலகை அமுங்குகிறது. கதவைத் திறந்தவுடன் பழைய நெற்குதிருக்குள் தலையை விட்டது போன்ற வாடை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு டார்ச்சுடன் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். கட்டிலுக்கு நேர் கீழே உள்ள இரண்டு சேனல்களின் விளிம்பில் மட்டும் பாசிமணி கோத்ததுபோல் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. வாசல் பக்கத்துச் சேனல்களில் ஒரு துளிகூட இல்லை. எங்கள் பக்கம் அப்போது பத்து நாட்களாக ஒரு தூறல்கூடக் கிடையாது என்பதுதான் எனக்குப் புரியாத புதிராக இருக்கிறது.

கேபின் செய்து கொடுத்த பட்டறையில் கேட்டதற்கு, தார்ப்பாலினை அடிப்பக்கம் முழுவதும் இழுத்து ஸ்குரூ அடித்துவிடச் சொன்னார்கள். வேறொருவர் நுரைப் பூச்சு அடிக்கலாம் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் லாரி பட்டறையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிப் பூசச் சொல்கிறார். இவற்றில் எதைச் செய்வது? பிசான நெல் நடவுக்கு முன்பாக முடித்துவிட விரும்புகிறேன்.

வெல்டிங் பட்டறை (அம்பாசமுத்திரம்) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். முதலில் கழிவு ஆயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அதைப் பூசவே கூடாது. அது காயாது, தூசியைப் பிடித்துச் சேறாக்கும், சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும், நாளை நல்ல பெயின்ட் அடிக்க நினைத்தாலும் ஒட்ட விடாது. மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட வைத்தியத்தை வீட்டுக்குப் போடுவது சரியல்ல.

இரும்பைப் பொறுத்தவரை, பெரும்பாலான கேபின்களில் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு மூன்று கோட்டிங்கும், அடிப்பக்கத்துக்கு ஒரே ஒரு கை ரெட் ஆக்ஸைடும்தான் அடித்து அனுப்புகிறார்கள். ரெட் ஆக்ஸைடு பிரைமர்தான்; அதன் மேல் மூடு பெயின்ட் இல்லாவிட்டால் ஈரத்துக்கு இரண்டு பருவம்கூடத் தாங்காது. உதிரும் துருவைச் சுரண்டியால் எடுத்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி வெள்ளை தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் இரண்டு கை அடித்து, அது காய்ந்தபின் கறுப்பு பிட்டுமன் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். வெல்டிங் ஒட்டு இருக்கும் இடங்களுக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். சேனல் மேல்நோக்கித் திறந்த தொட்டிபோல அமைந்திருந்தால் அதில் நீர் தங்கும். ஆங்காங்கே 8 மி.மீ. ஓட்டை போட்டு வடிய விடுங்கள். பாக்ஸ் டியூப் என்றால் முனைகளை அடைத்து வெல்டு செய்துவிடுவது நல்லது. படுத்துக்கொண்டு மேல்நோக்கித் தேய்க்கும் வேலை என்பதால் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு தார்ப்பாலினை இழுத்துக் கட்டிவிட்டால் கீழிருந்து வரும் ஈரம் பலகையைத் தொடாது என்பது என் கருத்து.

சாரல் வீடு (பண்பொழி) எழுதியது:

அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. பெயின்ட்டைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அந்தக் கடைசி வரியால் நாங்கள் பட்டுத் தெளிந்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னரை விருந்தினர் அறையாக வைத்திருக்கிறோம். சாரல் காலத்தில் இங்கே மூன்று மாதம் துணி காயாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பயந்து நீங்கள் சொல்வதுபோலவே அடியில் தார்ப்பாலினைக் கட்டினோம். இரண்டாம் சாரலில் அது நடுவில் தொட்டில்போலத் தொய்ந்திருந்தது. மழை நீர் எங்கோ ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்து என் கணவர் குடைக்கம்பியால் ஒரு குத்துக் குத்தினார். இரண்டு வாளித் தண்ணீர் அவர் மேலேயே கொட்டியது. வெளியே இருந்து ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கைகழுவும் தொட்டியின் குழாய் இணைப்பில் இருந்த கசிவுதான் மாதக்கணக்கில் அந்தத் தொட்டிலில் சேர்ந்திருக்கிறது. கட்டாமல் விட்டிருந்தால் மண்ணில் சொட்டுவதைப் பார்த்து முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்போம். தார்ப்பாலினை அவிழ்த்தபோது பலகையின் அடி அடுக்கு ஊறிய அப்பளம்போலக் கையோடு வந்தது.

கன்டெய்னரின் தரைப்பலகை 28 மி.மீ. கனம் என்பதால் தப்பித்தோம். உங்களுடையது 18 மி.மீ. என்கிறீர்கள். பார்த்துச் செய்யுங்கள்.

கட்டடப் பொறியாளர் (பாளையங்கோட்டை) எழுதியது:

வாழைத்தோட்டம் அவர்கள் தமது கேள்வியிலேயே விடையில் பாதியை எழுதிவிட்டார்: துளிகள் கட்டிலுக்குக் கீழே மட்டும் தொங்கின என்பதும், அப்போது மழை இல்லை என்பதும். கட்டில் இருக்கும் பக்கத்துச் சுவரில் ஏ.சி. மாட்டியிருக்கிறீர்கள், அதன் குளிர்காற்று நேராகக் கட்டிலுக்கு அடியில்தான் இறங்குகிறது என்று ஊகிக்கிறேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பது எதனாலோ, அதனாலேயே உங்கள் சேனலும் வேர்க்கிறது. அடைத்துக் கிடக்கும் அடிவெளியில் காற்று 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அது நீராகப் படியும். ஏ.சி.யை 20-இல் வைத்துத் தூங்கினால் உங்கள் தரைப்பலகை அந்த அளவைவிட நன்றாகவே குளிர்ந்துவிடும்.

அடுத்த கேள்வி, அந்த அடிவெளிக் காற்றுக்கு 80 சதவீத ஈரம் எங்கிருந்து வந்தது என்பது. மழை இல்லைதான்; ஆனால் ஜூன் தொடக்கத்தில் கார் சாகுபடிக்குக் கால்வாயில் நீர் திறந்து, சுற்றியுள்ள வயல்களெல்லாம் தொளி அடித்து நீர் கட்டி நின்றிருக்குமே? கால்வாய்க் கரையோரத்து வண்டல் மண்ணில் அப்போது நிலத்தடி நீர் மட்டம் மேலே வந்துவிடும். திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த மண் நீரை மேலே இழுத்து, காற்றில் ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். மேல்மண் காய்ந்ததுபோல் தோன்றினாலும் இது நிற்காது. நீங்கள் தகரம் அடைத்து அந்த ஆவி வெளியேறும் வழியையும் மூடிவிட்டீர்கள். முதல் ஆண்டு தெரியாமல் போனதற்குக் காரணம், பலகை அதுவரை உறிஞ்சித் தாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான்.

பெரும்பாலானோர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் ஏ.சி. போட்ட வீட்டில் நீராவி பயணம் செய்யும் திசை வெளியிலிருந்து உள்ளே, அதாவது கீழிருந்து மேலே. பலகை வழியாக ஏறி வருகின்ற அந்த ஆவி, மேலே ஒட்டிய வினைலில் முட்டி நிற்கிறது. வினைல் ஆவியை விடாது. ஆகவே பலகை கீழே இருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு, மேலே கொடுக்க வழியில்லாமல் ஊறுகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் உளுக்கும் பூசணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதாகவே பொருள். உங்கள் அம்மாவின் பாயில் பூசணம் பூத்தது, குளிர்ந்த வினைலுக்கும் பாய்க்கும் நடுவே காற்றோட்டம் இல்லாததால். கோரை எளிதில் ஈரம் வாங்கும் பொருள். அது உங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கிறது.

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்து முடிவை இங்கே எழுதுங்கள். கேபினுக்கு அடியில் மண்மேல் மூன்றடிச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களில் கல் வைத்து, மறுநாள் காலையில் தாளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூன்று இரவு ஏ.சி.யை நிறுத்திவிட்டு, துளி தொங்குகிறதா என்று பாருங்கள். தச்சுப் பட்டறையில் ஈரமானி கிடைத்தால், கட்டிலுக்கு அடியிலும் வாசலுக்கு அருகிலும் பலகையில் ஊசியைக் குத்தி அளவெடுங்கள். ஏ.சி.யின் வடிகுழாய் எங்கே போய் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்காரர் அதிகம் கவனிக்காத குழாய் அதுதான்.

வாழைத்தோட்டம் (சேரன்மகாதேவி) எழுதியது:

பொறியாளர் ஐயா அவர்களுக்கு நன்றி. ஏ.சி. இருக்கும் இடத்தை நேரில் வந்து பார்த்ததுபோல் சொல்லிவிட்டீர்கள்.

பாலித்தீன் தாளின் அடிப்பக்கம் காலையில் முழுக்க முத்து முத்தாக நீர். அதைத் தூக்கியபோது கீழே இருந்த மண் கறுத்து, அழுத்தினால் விரலில் ஒட்டும் பதத்தில் இருந்தது. தாளுக்கு வெளியே அதே மண் வெளிறிக் காய்ந்து கிடந்தது. ஏ.சி. நிறுத்திய மூன்று இரவுகளிலும் துளி இல்லை. ஆனால் வாடை குறையவில்லை. ஈரமானியில் கட்டிலுக்கு அடியில் 27, வாசலில் 15. வடிகுழாயைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வெளிப்புறச் சுவரில் இறங்கி, தகரத்தில் ஓர் ஓட்டை வழியாக நேராகக் கேபினுக்கு அடியிலேயே போய் முடிகிறது. வெளியே சொட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று மாட்டியவர் செய்த வேலை. ஒரு வாளியை வைத்துப் பார்த்தேன். ஓர் இரவில் ஏழு லிட்டர் சேர்ந்தது. இரண்டு கோடைகளாக அந்த நீரை நாங்களே வீட்டுக்கு அடியில் பாய்ச்சியிருக்கிறோம்.

இனி எந்த வரிசையில் செய்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மகன் வீட்டுக்குப் போய்வந்தவர் (புளியங்குடி) எழுதியது:

என் மகன் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் சில ஆண்டுகள் இத்தகைய நகர்த்தக்கூடிய வீட்டில்தான் குடியிருந்தான். அங்கே போயிருந்த ஆறு மாதமும் எனக்குப் பொழுது போகாமல் அந்த வீட்டின் அடியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். அந்நாட்டில் 1976 ஜூன் முதல் தொழிற்சாலையில் செய்யப்படும் வீடுகளுக்கென்று நடுவணரசின் தனி விதிமுறை இருக்கிறது. வீட்டின் வயிற்றுப் பக்கத்தில் கிழியாத கறுப்புத் துணிபோன்ற ஓர் உறையைத் தொழிற்சாலையிலேயே இறுக்கி ஒட்டி, அதற்கும் பலகைக்கும் நடுவே பஞ்சு அடைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பி அவர்கள் இருப்பதில்லை. வீட்டுக்கு அடியில் உள்ள மண் முழுவதையும் 6 மில், அதாவது நம் கணக்கில் 150 மைக்ரான் பாலித்தீனால் மூடுகிறார்கள். சுற்றிலும் பாவாடைபோல் அடைப்பு வைத்தால், 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கில் காற்றுத் துளை விடுவது அங்கே வழக்கம்.

அந்த உறை கிழிந்த வீடுகளில் பஞ்சு நனைந்து தொங்குவதையும், அதற்குள் எலி குடியிருப்பதையும் கண்ணால் பார்த்தேன். பண்பொழிச் சகோதரியின் தொட்டில் கதையும் அதுவும் ஒன்றுதான்.

கட்டடப் பொறியாளர் (பாளையங்கோட்டை) எழுதியது:

சோதனை முடிவுகள் தெளிவாக இருக்கின்றன. மூன்று ஊற்றுகள்: வடிகுழாய், மண்ணின் ஆவி, குளிர்ந்த தரை. இதே வரிசையில்தான் அடைக்க வேண்டும்.

வடிகுழாயை இன்றைக்கே வாழைக்குத் திருப்பிவிடுங்கள். கூடவே கூரை நீரையும் கவனியுங்கள். 240 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 220 லிட்டருக்கும் மேல் நீர். அது ஓரங்களில் விழுந்து தெறித்து அடிவெளிக்குள்தான் ஓடும். நீள்பக்கம் இரண்டிலும் மழைநீரை ஏந்தும் தகரப் பீலி மாட்டிக் குழாயில் இறக்கி, பத்தடிக்கு அப்பால் வாருகாலில் விடுங்கள்.

அடுத்து வீட்டை உயர்த்துவது. முக்கால் அடி உயரத்தில் ஒருவர் புகுந்து பார்க்கவும் முடியாது, காற்றும் ஓடாது. குறைந்தது இரண்டடி வேண்டும். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுபவை. நம் பக்கத்தில் கிடைக்கும் கருங்கல் பட்டியக்கல்லை அடுக்கித் தாங்கு கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. முன்பு நெல் கொட்டும் பத்தாயத்துக்குக் கீழே கல் கொடுத்தார்களே, அதே காரணம்தான். கல்லுக்கும் சேனலுக்கும் நடுவே கனமான ரப்பர் ஷீட்டோ தார் ஃபெல்ட்டோ ஒரு துண்டு வையுங்கள். இரும்பு நேராகக் கல்லில் உட்கார்ந்தால் அந்த விளிம்பில் நீர் தங்கித் துரு பிடிக்கும். கல்லுக்கு மேல் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டிக் கீழ்நோக்கி மடக்கிய ஜி.ஐ. தகரம் ஒன்றை வைத்தால், கறையான் மறைவாக ஏற முடியாது. அதன் மண்பாதை வெளியே வந்து கண்ணில் படும்.

உயர்த்திய பிறகுதான் மண்ணை மூட வேண்டும். முதலில் சரள் கொட்டி, நடு மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் பத்தடிக்கு ஆறு அங்குலச் சரிவு வரும்படி இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். இந்தச் சரிவு இல்லாமல் பாலித்தீன் விரித்தால், தாள் மேலேயே குளம் கட்டி நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவீர்கள். தாள் 250 மைக்ரான், கடைக்காரரிடம் 1000 கேஜ் என்று கேட்டால் தருவார். ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏறும்படி விரித்து, அகல டேப் ஒட்டி, கல் தாங்குகளைச் சுற்றி ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டுங்கள். நெல் காயப்போட்ட பழைய தார்ப்பாயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெயிலில் மடிப்புக்கு மடிப்பு கீறல் விழுந்திருக்கும். வெளி விளிம்பை மண்ணில் புதைத்து, தாளின் மேல் இரண்டு அங்குலம் முக்கால் இஞ்சு சல்லி பரப்பிவிட்டால் வெயிலும் படாது, காற்றுக்கும் தூக்காது, பெருச்சாளியும் எளிதில் கிளறாது.

தகர அடைப்பைக் கட்டாயம் நீக்குங்கள். புளியங்குடி ஐயா சொன்ன கணக்குப்படி உங்கள் வீட்டுக்கு 1.6 சதுர அடித் துளையே போதும் என்று வரும். அது சுற்றிலும் அடைப்பு வைத்த வீட்டுக்கான கணக்கு. நமக்கு நான்கு பக்கமும் திறந்து கிடப்பதே நல்லது. பாம்புக்குக் கால் அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் வலையைச் சட்டத்தில் அடித்து நிறுத்துங்கள். ஒரு பக்கத்தில் கொண்டி வைத்த கதவு வேண்டும்.

இனித் தரை. வினைலை இப்போதே உரித்துவிடுங்கள். அமுங்கும் பலகையை மாற்றுங்கள், மற்றவை காயட்டும். ஏ.சி.யை 26-க்குக் கீழே இறக்காமல் ஒரு மின்விசிறியைச் சேர்த்துப் போடுங்கள், காற்று தரையில் நேராக இறங்காதபடி இதழை மேலே திருப்புங்கள். நுரைப் பூச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தார்ப்பாலினையும் அதையும் நான் ஒன்றாகக் கருதவில்லை. தார்ப்பாலின் பலகையிலிருந்து விலகித் தொங்குவதால் நடுவே காற்றும் நீரும் புகுந்து நிற்கும். மூடிய கண்ணறை கொண்ட நுரை பலகையோடும் இரும்போடும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. ஆவியையும் வெளிப்பக்கத்திலேயே தடுக்கிறது, குளிர்ந்த இரும்பைச் சூடான காற்று தொடாமலும் காக்கிறது. ஆகவே அது சரியான பக்கத்தில் போடும் மூடி. ஆனால் 27 சதவீத ஈரத்தின் மேல் அதை அடித்தால் ஈரத்தைச் சிறை வைத்ததாகிவிடும். பலகை 15-க்கு இறங்கி, பட்டறை அண்ணாச்சி சொன்ன பெயின்ட் வேலையும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் இணைப்புகளையும் தாங்கு கற்களை ஒட்டிய ஒரு சாண் பகுதியையும் நுரை இல்லாமல் விடுங்கள். கசிவும் கறையானும் தெரிய வேண்டும்.

ஈரத்தோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் நம் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். உங்கள் கேபின் தளவாடங்களோடு மூன்றரை டன் என்று வைத்துக்கொண்டால், அடித்தளத்துக்கு மேல் 16 சென்டிமீட்டர் நீர் ஏறினாலே, உள்ளே நீர் புகாதிருக்கும்வரை, அது தெப்பம்போலக் கிளம்பிவிடும். ஆற்றுப் பாசனத்துத் தோட்டம் என்பதால், உயர்த்தும்போதே நான்கு மூலையிலும் கான்கிரீட் குழி போட்டு நங்கூரக் கம்பியால் பிணைத்துவிடுங்கள்.

தேரிக்காடு (திசையன்விளை) எழுதியது:

எங்கள் தேரி மணலில் நீர் நிற்கவே நிற்காது. மண்ணின் ஈரம் எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. எங்களுக்குக் கடற்காற்றின் உப்புதான் எமன். உப்பு படிந்த இரும்பு, காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் ஆண்டுக்கு இருமுறை அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டுப் பிறகு பெயின்ட்டைப் பார்க்கிறோம். கடலோரத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வலைக்குக் கறுப்புக் கம்பி வாங்க வேண்டாம். வெல்டு செய்த பின் நாகமுலாம் பூசிய வலையாகப் பார்த்து வாங்குங்கள்.

வெல்டிங் பட்டறை (அம்பாசமுத்திரம்) எழுதியது:

தார்ப்பாலின் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். பண்பொழித் தங்கச்சியிடம் எனக்கு என்ன கோபம்? இனி கேட்பவர்களுக்கு மண்ணில் விரிக்கவே சொல்வேன்.

உயர்த்துவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பத்து டன் பாட்டில் ஜாக்கி நான்கு வேண்டும். சேனல்கள் குறுக்கே சேரும் முடிச்சுக்குக் கீழேதான் ஜாக்கியைக் கொடுக்க வேண்டும். பலகைக்குக் கீழே கொடுத்தால் பொத்துக்கொண்டு போகும். ஒரு மூலையை ஓர் அங்குலத்துக்கு மேல் தனியாக ஏற்றாதீர்கள்; சட்டம் முறுகினால் கதவு மூடாது, கூரை ஒட்டு விரிசல் விடும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் சிலிப்பர் கட்டையை அடுக்கிக்கொண்டே வாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் உள்ளே கையை நீட்டக் கூடாது. ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடாவிட்டால் உங்கள் வண்டல் மண்ணில் வீடு ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

வாழைத்தோட்டம் (சேரன்மகாதேவி) எழுதியது:

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆவணியில் வேலையைத் தொடங்கிப் புரட்டாசிக் கடைசியில் முடித்தோம். பட்டியக்கல் வைத்து இரண்டேகால் அடி உயர்த்தினோம். வாசலுக்கு மூன்று படி கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் கைப்பிடியும் வைத்தோம். அமுங்கிய பலகை இரண்டு ஷீட் மாற்றினோம். வினைலை உரித்தபோது அதன் அடியில் பசையே கறுத்துப் பாசி பிடித்திருந்ததைப் பார்த்து அம்மா அன்று முழுவதும் உள்ளே வரவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளின் மேல் நீர் தேங்கவில்லை. ஒரே ஓர் இடத்தில், வடமேற்கு மூலையில், டேப் விட்டுப்போய் மண்ணின் ஈரம் கசிந்திருந்தது. வேலையாள் அங்கே ஓரடிக்குப் பதிலாக ஒரு சாண்தான் ஏற்றி விரித்திருக்கிறார். சல்லியை ஒதுக்கி மேலே இன்னொரு துண்டை ஒட்டினேன். இரண்டடி உயரம் இருந்ததால் தவழ்ந்து போய் அரைமணியில் முடிந்தது.

நேற்று எடுத்த ஈரமானி அளவு: கட்டிலுக்கு அடியில் 17, வாசலில் 13. ஏ.சி. 26-இல்தான் ஓடுகிறது. பலகை இன்னும் 15-க்கு வரவில்லை என்பதால் நுரைப் பூச்சைப் பங்குனிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். தை, மாசி வெயிலில் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதுவரை வெறும் பலகைதான் தரை. அம்மா அதன் மேல் புதிய பத்தமடைப் பாயை விரித்து, நாள்தோறும் காலையில் சுருட்டிச் சுவரில் சாத்துவதற்கு முன் அடிப்பக்கத்தை முகர்ந்து பார்க்கிறார்.

பொறியாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நுரை அடித்த பிறகு மேலே மறுபடியும் வினைல் ஒட்டலாமா, அல்லது பலகைக்கு வார்னிஷ் அடித்து அப்படியே விட்டுவிடலாமா?

கட்டடப் பொறியாளர் (பாளையங்கோட்டை) எழுதியது:

வினைலை ஒட்ட வேண்டாம். வார்னிஷும் கனமாக வேண்டாம். ஒரு கை மட்டும் அடித்து, மேலே பாயே இருக்கட்டும். நங்கூரக் கம்பியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே, அதைப் போட்டீர்களா?